சதியும் சூழ்ச்சியும்: ஒரு சொல்லின் பொருளும் எமது எழுத்தும்

'சூழ்ச்சி' என்பதற்கு ஒத்தகருத்துச் சொல் தருக என்று வினாத்தாளில் கேட்டால், எமது மாணவர்கள் தயங்காமல் 'சதி' என்று எழுதுவார்கள். ஆசிரியர்களாகிய நாமும் சரி அடையாளம் இட்டுப் புள்ளி வழங்குவோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இலக்கியத்துக்குப் போதாது. இவ்விரு சொற்களும் ஒன்றல்ல என்பதையும், ஒன்றென்று கொண்டதனால் எமது மொழிபெயர்ப்பிலும் சிறுகதையிலும் பொதுப்பேச்சிலும் நேர்ந்துள்ள இழப்பையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லாராய்ச்சி என்றதும் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கிக்கொள்ளும் மனோபாவம் இளம் படைப்பாளிகளிடம் உண்டு. 'சதி' அப்படி ஒதுங்கத்தக்க சொல் அல்ல. கடந்த நூறு ஆண்டுகளில் இந்நாட்டில் இந்த ஒரு சொல்லை நம்பி உயிர்கள் பறிக்கப்பட்டிருக்கின்றன. கடைகள் எரிக்கப்பட்டிருக்கின்றன.

சொற்களின் வரலாறு

'சூழ்' என்பது வளைத்தல், சுற்றி நிற்றல் என்னும் பொருளுடைய வினைச்சொல். ஒரு விடயத்தை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து பார்ப்பது ஆலோசித்தல். ஆகவே சூழ்தல் என்றால் ஆராய்தல், எண்ணுதல் என்றாயிற்று. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரம் 'சூழ்ச்சி' என்ற சொல்லுடனேயே தொடங்குகின்றது. அங்கே அதற்கு வஞ்சகம் என்று பொருள் கொண்டால் குறளே கவிழ்ந்துவிடும். ஆலோசனை என்பதே பொருள். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் அரசனுக்குக் கண்ணாக அமைவோர் 'சூழ்வார்' எனப்படுகின்றனர். அவர்கள் சதிகாரர்கள் அல்லர், அரசனுக்கு நல்வழி காட்டும் அமைச்சர்கள். காலப்போக்கில் இச்சொல்லின் நல்ல பாதி தேய்ந்து, கெட்ட பாதி மட்டும் வழக்கில் எஞ்சியது. இன்று ஒருவரை 'நல்ல சூழ்ச்சிக்காரர்' என்று பாராட்டினால் அவர் எம்முடன் பேச்சை முறித்துக்கொள்வார்.

'சதி' என்ற சொல்லின் பிறப்பு வேறு. சதித்தல் என்றால் அழித்தல், கெடுத்தல், வஞ்சித்தல். இதற்கு நல்ல பாதி என்று ஒன்று முன்னரும் இருந்ததில்லை. வடமொழி வழியாக வந்து கற்புடைய மனைவியைக் குறிக்கும் சதியும், தாளக்கட்டைக் குறிக்கும் சதியும் ஒலியால் மட்டுமே இதனோடு ஒத்தவை. எனவே அவற்றை இங்கு விட்டுவிடலாம்.

சுருங்கச் சொன்னால், சூழ்ச்சி என்ற சொல்லில் மூளை இருக்கிறது. சதி என்ற சொல்லில் கேடு இருக்கிறது. சூழ்ச்சி கெட்டதற்கும் பயன்படலாம், நல்லதற்கும் பயன்படலாம். சதி கெட்டதற்கு மட்டுமே பயன்படும்.

அயல் மொழியான சிங்களத்தைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். அங்கு சதிக்கு வழங்கும் சொல் 'குமந்த்ரணய'. 'மந்த்ரண' என்றால் ஆலோசனை. மந்திரி என்ற சொல்லும் அதன் உறவே. அதற்கு முன்னே 'கு' என்ற இழிவுப் பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்துக் 'கெட்ட ஆலோசனை' என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்லது எது, கெட்டது எது என்பதைச் சொல்லே பிரித்துக் காட்டிவிடுகின்றது. தமிழில் அந்த முன்னொட்டு இல்லாமலேயே சூழ்ச்சி கெட்டுப்போயிற்று. ஆங்கிலத்தில் சதி செய்வதைக் குறிக்கும் சொல்லின் இலத்தீன் வேர் 'சேர்ந்து மூச்சுவிடுதல்' என்பதாகும். முகத்தோடு முகம் வைத்துக் குசுகுசுக்கும் இருவரின் சித்திரம் அதற்குள் இருக்கிறது.

எமது கிராமத்துப் பேச்சில் சதி என்ற சொல் அதிகம் புழங்குவதில்லை என்பதும் அவதானிக்கத்தக்கது. குழி பறித்தான், கழுத்தறுத்தான், காலை வாரினான், பித்னா மூட்டினான் என்றுதான் எமது மக்கள் கதைப்பார்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு செயல். காலை வாருபவன் கூட நிற்பவன். கழுத்தறுப்பவன் நம்ப வைத்தவன். பித்னா மூட்டுபவன் இருவருக்கிடையே புகுந்தவன். சதி என்ற சொல் மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் இறங்கிவந்து இத்தனை வேறுபாடுகளையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

மக்ர் என்ற சொல்லும் மொழிபெயர்ப்பாளரின் இடரும்

இந்த வேறுபாடு வெறும் அகராதி விவகாரம் அல்ல என்பதை அல்குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் தெளிவாகக் காணலாம். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 54ஆம் வசனத்தில் ஈஸா நபிக்கு (அலை) எதிராக நின்றோரின் செயலும், அதற்கு எதிரான அல்லாஹ்வின் செயலும் 'மக்ர்' என்ற ஒரே அறபு வேரினால் குறிக்கப்படுகின்றன. குறைஷியர் நபிகளாரைச் (ஸல்) சிறைப்படுத்தவோ, கொல்லவோ, வெளியேற்றவோ திட்டமிட்டதைப் பேசும் அன்ஃபால் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்திலும் அவ்வாறே. தமிழில் வழங்கும் மொழிபெயர்ப்புகளில் இவ்விடங்களுக்குச் 'சதி' என்ற சொல்லும் ஆளப்பட்டுள்ளது, 'சூழ்ச்சி' என்ற சொல்லும் ஆளப்பட்டுள்ளது.

அல்லாஹ் சதி செய்தான் என்று வாசிக்கும்போது எமக்கு நெஞ்சு இடிக்கிறது. இடிப்பது நியாயமே. அழித்தலும் வஞ்சித்தலுமே பொருளாகவுள்ள சொல்லைப் படைத்தவனோடு சேர்க்க மொழியுணர்வு இடந்தருவதில்லை. ஆனால் மக்ர் என்ற அறபுச் சொல் அவ்வளவு ஒருபக்கமானதா? குர்ஆனியச் சொற்களுக்கு அகராதி கண்ட ராகிப் அல் இஸ்பஹானி, ஒருவரை அவர் நாடிய இலக்கிலிருந்து உபாயத்தால் திருப்பிவிடுவதே மக்ர் என்று விளக்கி, அது புகழத்தக்கது, இகழத்தக்கது என இருவகைப்படும் என்கிறார். பாத்திர் அத்தியாயத்தின் 43ஆம் வசனம் 'தீய' என்ற அடைமொழியைச் சேர்த்து மக்ரைக் கூறுவதும் இதற்குச் சான்றாகும். ஒரு சொல் தன்னளவிலேயே தீயதாக இருந்தால் அதற்குத் 'தீய' என்ற அடைமொழி வேண்டியதில்லை அல்லவா?

அணியிலக்கண நோக்கிலும் இதனைப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள சொல்லின் சார்பினால், அதே சொல்லை வேறொரு பொருளில் திரும்ப ஆள்வதை அறபு அணியிலக்கணத்தார் 'முஷாகலா' என்பர். அந்த அணியழகு அவ்வசனங்களில் உண்டு. எதிரிகளுக்குச் 'சதி' என்றும் அல்லாஹ்வுக்குத் 'திட்டம்' என்றும் இரு சொற்களை இட்டால் பொருள் காப்பாற்றப்படும், அணி போய்விடும். இரண்டு இடத்திலும் சதி என்று இட்டால் அணி நிற்கும், பொருள் கெடும். இரண்டையும் ஏந்தக்கூடிய தமிழ்ச்சொல் 'சூழ்ச்சி' ஒன்றே. நல்லாலோசனையும் வஞ்சனையும் அதற்குள் அடங்கும். ஆனால் அதன் பழைய பொருள் வாசகரின் மனதில் உயிரோடு இருந்தால்தான் இது சாத்தியம். வகுப்பறையில் சூழ்ச்சியும் சதியும் ஒன்றே என்று நாம் கற்பித்துக்கொண்டிருக்கும்வரை, நல்ல மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த சரியான சொல்லும் வாசகரிடம் பிழையாகவே போய்ச் சேரும்.

யூசுப் அத்தியாயம் தரும் இலக்கியப் பாடம்

சதியைக் கருவாகக் கொண்டு கதை எழுத விரும்புவோர் முதலில் பயில வேண்டியது யூசுப் அத்தியாயமே என்பது எனது துணிபு. இங்கு முதன்மையாக வரும் சொல் 'கைத்'. சகோதரர்கள் செய்யக்கூடியதைப் பற்றி யஃகூப் நபி (அலை) எச்சரிக்கும்போதும் அச்சொல் வருகின்றது. அஸீஸின் வீட்டில் நடந்ததைப் பற்றியும் வருகின்றது. பின்னர் 76ஆம் வசனத்தில், தம்பியைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ள யூசுபுக்கு அல்லாஹ் வகுத்துக்கொடுத்த உபாயத்தையும் அதே சொல் குறிக்கின்றது. கேட்டுக்கும் மீட்சிக்கும் ஒரே சொல். அதைச் செய்பவர் யார், எதற்காகச் செய்கிறார் என்பதைக் கொண்டே அதன் நிறம் தீர்மானிக்கப்படுகின்றது.

இதனால் விளங்கும் இன்னொன்றும் உண்டு. பெண்களின் கைத் பெரியது என்ற கூற்றை எமது மேடைகளில் பெண்ணினத்தின் மீதான பொதுத்தீர்ப்பாகப் பலர் எடுத்தாள்வர். அது கதையில் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து, ஒரு வீட்டில், ஒரு கிழிந்த சட்டையைக் கண்ட கணத்தில் வரும் கூற்று. கூறுபவர் யார் என்பதைக் கவனியாமல் கூற்றை மட்டும் பிய்த்தெடுப்பது இலக்கிய வாசிப்பின் முதற்பாடத்தையே மறப்பதாகும்.

சகோதரர்களின் சதி எவ்வாறு காட்டப்படுகின்றது என்பதைப் பாருங்கள். காரணம் முதலிலேயே சொல்லப்படுகின்றது. தந்தையின் அன்பு தமக்குக் கிட்டவில்லை என்ற ஏக்கம் அது. அடுத்து அவர்களுக்குள் நடக்கும் உரையாடல். கொன்றுவிடலாம் என்கிறது ஒரு குரல். கொல்ல வேண்டாம், கிணற்றில் போடுங்கள், பயணிகள் எடுத்துக்கொள்வார்கள் என்கிறது இன்னொரு குரல். சதிகாரர்களின் கூட்டத்துக்குள்ளேயே ஓர் இரக்கத்தின் கீற்று. பின் பொய் இரத்தம் தோய்ந்த சட்டை, மாலையில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகள், நம்பாத தகப்பன். சதி இங்கு ஓர் அறிவிப்பாக வரவில்லை. மனிதர்கள் செய்யும் செயலாக, படிப்படியாக, எமது கண்முன்னே நடக்கின்றது.

எல்லாவற்றிலும் மேலானது முடிவு. அதிகாரம் கையில் வந்தபின், தன்னைக் கிணற்றில் போட்டவர்கள் எதிரில் நிற்கையில், யூசுப் நபி (அலை) அவர்களின் செயலை மக்ர் என்றோ கைத் என்றோ சொல்லவில்லை. அறியாமையில் செய்தது என்கிறார். ஷைத்தான் எமக்கிடையே பிளவை உண்டாக்கினான் என்கிறார். அஸீஸின் வீட்டு விவகாரத்தில் அதே சொல்லை ஆண்டவர் அவர். தன் சகோதரர் விடயத்தில் மட்டும் அதனை நாவில் எடுக்கவில்லை. சதிக்கு உள்ளானவனுக்கே அந்தச் சொல்லைச் சொல்லும் முதல் உரிமை உண்டு. அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுக்கும் இடத்திலேதான் குடும்பம் மீண்டும் ஒன்றாகின்றது. சொல்லாமல் விட்ட ஒரு சொல் எவ்வளவு பேசும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எமது கதைகளில் சதி

இந்த அளவுகோலைக் கொண்டு எமது ஆக்கங்களைப் பார்த்தால் மனம் சற்றுச் சோர்கின்றது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவனின் கதை. ஆகவே எமது புனைகதை மரபு சதியோடுதான் பிறந்தது எனலாம். அது குறையல்ல. ஆங்கிலத்தில் கதைப்பின்னலுக்கும் சதிக்கும் ஒரே சொல்தான். தமிழிலும் கதையைப் பின்னுகிறோம், சதிவலையையும் பின்னுகிறோம். குறை எங்கே வருகிறதென்றால், பின்ன வேண்டிய இடத்தில் பின்னாமல், 'சதி' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடும்போதுதான்.

மூன்று வகைகளைச் சுட்டலாம். முதலாவது, 'விதி செய்த சதி'. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை, வெளிநாடு போன மகள் பெட்டியில் வந்தாள் என்ற கதைகளின் இறுதியில் இத்தொடர் வந்து உட்கார்ந்துகொள்கின்றது. இது சினிமா வசனத்திலிருந்து வந்த இரவல். கத்ரை ஈமானின் அங்கமாகக் கொள்ளும் ஓர் எழுத்தாளர் அதைச் சதி என்று எழுதுவதிலுள்ள முரண்பாடு ஒருபுறம் இருக்கட்டும். கலை நோக்கிலும் அது ஏமாற்றே. பழைய இயந்திரத்தோடு படகைக் கடலுக்கு அனுப்பிய முதலாளியும், சம்பளம் தராத எஜமானியும், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் கொடுத்த தரகரும் விதியின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். செய்தவன் பெயர் சொல்லாமல் அழவைக்கும் கதை, செய்தவனுக்கே துணை போகின்றது.

இரண்டாவது, சதிகாரன் சதிகாரனாகவே பிறந்து வரும் கதை. காணிக்காகவோ சீதனத்துக்காகவோ ஒரு மாமன் வருவான். அவனுக்குக் காரணமும் இல்லை, தயக்கமும் இல்லை, இரவில் தூக்கமின்மையும் இல்லை. ஷேக்ஸ்பியர் 'ஒதெல்லோ'வில் இயாகோவைப் படைத்தபோது, அவன் செய்யப்போவதை முன்கூட்டியே பார்வையாளருக்கு அவன் வாயாலேயே சொல்லவைத்தார். எமக்குத் தெரியும், ஒதெல்லோவுக்குத் தெரியாது. அந்த இடைவெளியிலேதான் துயரம் பிறக்கின்றது. எமது கதைகளில் மாமனின் சதி கடைசிப் பந்தியில் திடீரென வெளிப்படுகின்றது. அதில் வாசகருக்கு வியப்பு உண்டு, வலி இல்லை.

மூன்றாவது, உலக அரசியலைப் பாடும் கவிதைகளும் கட்டுரைகளும். இங்கு 'யூத சதி' என்ற தொடர் எல்லாக் கதவுக்கும் ஒரே திறப்பாகிவிட்டது. பலஸ்தீனருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சான்றுகள் பஞ்சமில்லை. 1917 நவம்பர் 2ஆம் திகதிய பல்பர் பிரகடனம் பகிரங்கமாக வெளியிடப்பட்ட ஆவணம். அதற்கு முந்திய ஆண்டில் பிரித்தானியாவும் பிரான்சும் அறபு நிலத்தைப் பங்கிட்ட சைக்ஸ் பிக்கோ ஒப்பந்தம் மெய்யாகவே இரகசியமானது. ரஷ்யப் புரட்சியின் பின் போல்ஷெவிக்குகள் 1917இல் அதனை அம்பலப்படுத்தினர். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, 'யூதப் பெரியார்களின் நெறிமுறைகள்' என்ற நூலை ஆதாரமாகக் காட்டுவோர் எம்மிடையே இன்றும் உள்ளனர். அது போலியென 1921இலேயே இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை நிறுவிவிட்டது. மூன்றாம் நெப்போலியனுக்கு எதிராக மொரிஸ் ஜோலி 1864இல் எழுதிய நூலிலிருந்து பெரும்பகுதி திருடப்பட்டது அது. மூலநூலில் யூத சதி என்ற பேச்சே கிடையாது. மெய்யான சான்று கையிலிருக்கப் போலியை ஏந்துபவன் தன் வழக்கைத் தானே தோற்கடிக்கிறான். ஒரு முழு இனத்தின் மீது பழி சுமத்துவது எமக்குத் தகுமா என்ற கேள்வி அதைவிடப் பெரியது.

எமது தலைமீது விழுந்த சொல்

ஏனெனில் அதே பழி எமது தலைமீதும் விழுந்திருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாகக் கதை கட்டப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று சொல்லப்பட்டது மாவுக்கட்டி என்பது அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. 2019 மே மாதத்தில் குருநாகலைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான தாய்மாரை மலடாக்கினார் என்று செய்தி பரப்பப்பட்டு அவர் கைதானார். அக்குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லையென விசாரணையாளர்கள் நீதிமன்றுக்கு அறிவித்தனர். இரண்டு இடத்திலும் வேலை செய்தது ஒரே சொல்தான்: இது அவர்களுடைய சதி.

இது ஒரு சமூகத்துக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் தாக்கப்பட்டோர் முஸ்லிம்கள். ஆனால் ஆங்கிலேய ஆட்சியாளர் அதனைத் தமது ஆட்சிக்கெதிரான சிங்களத் தலைவர்களின் சதியென்று கருதினர். இராணுவச் சட்டத்தின் கீழ் பலர் சிறைப்பட்டனர். இளைஞரான ஹென்றி பேதிரிஸ் 1915 ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். சதி என்ற சொல் இந்நாட்டில் எல்லோர் கழுத்திலும் ஒருமுறையேனும் விழுந்திருக்கிறது.

அப்படியானால் சதியே கிடையாதா? உண்டு. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டனர். இருபத்து நான்கு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது, பதினொரு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வழக்குக்கென்றே பின்நோக்கிச் செல்லும் சட்டம் இயற்றப்பட்டது தவறென்று 1965இல் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை நீக்கியது. சதி மெய்யாக இருந்தாலும் நீதி குறுக்குவழியில் போகக்கூடாது என்பது அதன் பாடம். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்ததும் மெய்யான சதியே. அதன் பின்னால் வேறு எவர் நின்றார் என்பதை விசாரணையும் சான்றும் சொல்லட்டும். குண்டைச் சுமந்து சென்றவர்கள் எமது சமூகத்திலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை 'அந்நிய சதி' என்ற சொல்லினால் மூடிவிட முடியாது. அன்று இறந்தவர்களின் வீட்டார் அச்சொல்லைக் கேட்டால் எப்படி உணர்வார்கள் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீதிமன்றத்தில் சதிக்கு ஆள் உண்டு, கூட்டாளி உண்டு, நோக்கம் உண்டு, வழிமுறை உண்டு. இந்த நான்குக்கும் பதிலில்லாத சதி, சதியல்ல, சந்தேகம். சந்தேகங்களில் அதிகமானவற்றைத் தவிர்க்கும்படி அல்குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் எமக்குக் கட்டளையிடுகின்றது. இரகசியப் பேச்சாகிய 'நஜ்வா'வைக்கூட அது முற்றாகத் தள்ளவில்லை. தருமம், நற்செயல், மனிதருக்கிடையே சமாதானம் ஆகியவற்றுக்காக நடக்கும் இரகசியப் பேச்சை நிஸா அத்தியாயத்தின் 114ஆம் வசனம் விலக்கி வைக்கின்றது. அதேவேளை மூவர் இருக்கையில் ஒருவரை விட்டு இருவர் குசுகுசுக்க வேண்டாம், அது அவரைக் கவலைப்படுத்தும் என்பது நபிமொழி. கவலைப்படும் அந்த மூன்றாமவரின் மனதிலேதான் சதி என்ற எண்ணம் முதலில் முளைக்கின்றது. மார்க்கம் அதனை விதைக்கும் இடத்திலேயே தடுக்கின்றது.

எழுதுவோரிடம் எனது வேண்டுகோள் எளியது. 'சதி' என்று எழுதக் கை போகும்போது சற்று நிறுத்தி, அங்கே நடந்தது ஆலோசனையா, உபாயமா, பொறாமையா, கழுத்தறுப்பா, அலட்சியமா, தற்செயலா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேறொரு சொல் கிடைக்கும். அந்தச் சொல்லோடு ஒரு மனிதனும் கிடைப்பான். மெய்யாகவே சதிதான் என்றால் யார், யாரோடு, எதற்காக, எப்படி என்று எழுதிக்காட்டுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் இனி ஒத்தகருத்துச் சொற்பட்டியலில் இவ்விரண்டையும் ஒரே வரியில் எழுதாதிருப்போம். சூழ்ச்சிக்கு அதன் இழந்த பாதியைத் திருப்பிக் கொடுத்தால், மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நல்ல சொல் மீளும். சதியை அதற்குரிய இடத்தில் மட்டும் வைத்தால், அயலவரை நோக்கும் எமது பார்வையும் சற்றுத் தெளியும்.